614ஆம் அறையின் குப்பைக் கூடை

அன்ரனெற் சொன்னது சின்னப் பொய்தான். தன் தங்கை பேர்ணடெற் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் மனேஜர் என்று நியூ ஜேர்சியிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரெலிபோனில் சொல்லிவிட்டாள். ஹோட்டல் உண்மை. ஹவுஸ்கீப்பிங் உண்மை. மனேஜர் மட்டும் அக்காவின் அன்பளிப்பு. அதைப் போன வாரம் முழுவதும் பேர்ணடெற் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"அறை கூட்டுறன் எண்டு சொன்னா எனக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்று அவள் கேட்டதற்கு, "உனக்குக் குறையாது பேர்ணி, அனோஜாவுக்குக் குறையும்" என்று அக்கா வாயை அடைத்தாள்.

அனோஜா பேர்ணடெற்றின் ஒரே மகள். வங்கியில் கவுன்ரருக்குப் பின்னால் நிற்கிற வேலை. போன கோடையில் ஒரு கலியாண வீட்டில் கிளிபோட் என்ற அமெரிக்கப் பெடியனைச் சந்தித்தவள், அன்று எடுத்த ரெலிபோனை இன்னும் கீழே வைக்கவில்லை. கிளிபோட்டின் தகப்பன் எட்வேட் இளவாலையிலிருந்து எழுபதுகளிலேயே அமெரிக்கா போய், இப்போது முதியோர் இல்லங்கள் நடத்துகிறார். தாய் மெற்றில்டா அந்த இல்லங்களில் வரும் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதை நடத்துகிறாள்.

அவர்கள் சம்பந்தம் பேச ரொறன்ரோவுக்கு வந்திருந்தார்கள். பேச்சு சனிக்கிழமை பின்னேரம், பிக்கரிங்கில் அன்ரனெற்றின் புது வீட்டில். வோபர்னில் பேர்ணடெற் இருக்கும் அப்பார்ட்மென்ற் லிஃப்றுக்குள் அவர்களுக்கு மூச்சு முட்டுமாம்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பேர்ணடெற் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கும் நாளிலேயே பெண் வீட்டுப் பலகாரம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவேண்டும். பயற்றம் பணியாரம், சிப்பி, முறுக்கு என்று வேலை முடிந்து வந்த இரவுகளில் நின்று சுட்டாள். நீல நிற பிஸ்கற் ரின்னைக் கழுவித் துடைத்து, தன் கையால் பின்னிய வெள்ளை லேஸ் துணியை அடியில் விரித்து அடுக்கினாள். வெள்ளி இரவு அவர்கள் சாப்பிடப் போன உணவகத்துக்கே அக்காவின் கணவர் அன்புராசா அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை வேலையை மாற்ற ஆள் கிடைக்கவில்லை. இரண்டு மணிக்கு முடியும்தானே என்று பேர்ணடெற் போய்விட்டாள். 

ஆறாம் மாடியில் 614இன் வாசலில் தள்ளுவண்டியை நிறுத்தி, தட்டி, குரல் கொடுத்து, பதில் இல்லாததால் கதவைத் திறந்தாள்.

மணம்தான் முதலில் வந்து முகத்தில் அடித்தது. ஆறிய இறைச்சியும் புதுச் சப்பாத்துத் தோலும் வாசனைத் திரவியமும் கலந்த மணம். ஹொக்கி விளையாட வரும் பெடியள் குடித்துச் சத்தியெடுத்த அறைகளையெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் துடைத்திருக்கிறாள். அது தெரியாத்தனத்தின் அழுக்கு. இது வேறு. எவளோ ஒருத்தி வந்து அள்ளுவாள் என்ற நிச்சயத்தில் போட்ட அழுக்கு.

கட்டில் முழுவதும் கடைப் பைகள். ஒரே சப்பாத்து மூன்று நிறங்களில். புதுச் சட்டைகளிலிருந்து உருவிய குண்டூசிகளைக் கம்பளத்திலேயே உதறியிருந்தார்கள். முழங்காலிட்டுப் பொறுக்கியபோது ஒன்று அவள் முழங்காலில் ஏறியது. மேசையில் அறைக்கு வரவழைத்த சாப்பாடு, ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கடி கடித்தபடி. ஒரு தட்டில் மசித்த உருளைக்கிழங்கின் நடுவில் சிகரெட்டைக் குத்தி அணைத்திருந்தார்கள். குளித்துத் துடைக்கிற வெள்ளைத் துவாயால் சப்பாத்துக்கு மை பூசியிருந்தார்கள்.

'சீ' என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகு குளியலறைக்குள் போனாள். குப்பைக் கூடைக்குள் அவளுடைய நீல ரின் கிடந்தது.

மூடி ஒரு பக்கம், ரின் ஒரு பக்கம். பணியாரம் ஒன்றுகூடக் குறையவில்லை. அவற்றின் மேல் சவர நுரையும், காது குடைந்த பஞ்சும், சீப்பிலிருந்து இழுத்தெடுத்த தலைமயிர்ச் சுருளும். லேஸ் துணியை மட்டும் யாரோ வெளியே எடுத்திருந்தார்கள். அதில் லிப்ஸ்ரிக் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

பேர்ணடெற் குளியல் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அறைக்குள் திரும்பி வந்து பெட்டிகளில் தொங்கிய பெயர்த்துண்டைப் பார்த்தாள். எட்வேட் சவிரிமுத்து, நியூ ஜேர்சி. பார்க்கத் தேவையே இருக்கவில்லை. டவுன்ரவுனில் பெரிய ஹோட்டலில் தங்குகிறார்கள் என்று அக்கா சொன்னாளே, இங்கே எப்படி வந்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

விருந்தினர் எறிந்ததைக்கூட வேலைக்காரர் எடுக்கக் கூடாது என்பது ஹோட்டலின் சட்டம். தன் கையால் சுட்டதைத் தன் கையாலேயே கறுப்புப் பைக்குள் கொட்டினாள். லேஸ் துணியையும் போட்டாள். பிறகு குந்தியிருந்து தொட்டியைத் தேய்த்தாள், ஒரு முறைக்கு இரண்டு முறை. கோபத்தில் தேய்த்தால் தொட்டி நன்றாகவே மினுங்குகிறது.

வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட நேரம் சுப்பர்வைசர் கூப்பிட்டாள். 614க்காரர் மத்தியானம் வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு போகும்போது முறைப்பாடு செய்திருக்கிறார்கள். தொட்டி ஊத்தையாம், தலைமயிர் கிடந்ததாம். அவர்களிடம் நேற்றைய வாடகை வாங்காமல் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறது ஹோட்டல்.

"நான் நல்லாத் தேய்ச்சனான்" என்று பேர்ணடெற் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"திங்கட்கிழமை காலையில் மனேஜரிடம் சொல்லு" என்றாள் அவள். "யூனிபோமைத் தோய்த்துக் கையோடு கொண்டு வா."

போன மாதமும் ஒரு முறைப்பாடு. யூனிபோமைக் கொண்டு வரச் சொன்னால் அதன் அர்த்தம் என்ன என்று அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். கணவர் அருள்நாயகத்தின் தொழிற்சாலையைப் பெப்ரவரியில் பூட்டிவிட்டார்கள். இப்போது வீடு நிற்பது பேர்ணடெற்றின் சம்பளத்தில்தான்.

காரில் பிக்கரிங் போகும் வழியில் அருள்நாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் 401 நெடுஞ்சாலையில் கண்ணை வைத்தபடி, "இப்ப என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார்.

அன்ரனெற்றின் வீட்டில் முன்வாசல் விருந்தினருக்கு. சொந்தக்காரர் கராஜ் வழியாகத்தான் போகவேண்டும். மேலே ஒரு மினுங்குகிற குசினி இருந்தது. அதில் தேத்தண்ணிகூட வைப்பதில்லை. சமையலெல்லாம் பேஸ்மென்றில், சுவரோடு ஒட்டிய இரண்டாவது அடுப்பில். கறி மணம் மேலே ஏறினால் வீட்டின் விலை இறங்கிவிடும் என்று வீடு விற்கும் அன்புராசா கண்டுபிடித்திருந்தார்.

"கோட்டைக் கழட்டிக் கராஜிலயே கொழுவு" என்றபடி அன்ரனெற் வந்து, தங்கையின் சீலையிலும் தலையிலும் வாசனைத் தண்ணீரைப் புஸ் புஸ் என்று அடித்தாள். "ஏன் மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"அக்கா, அவையின்ர அறையைக் கூட்டினது நான்."

"யேசுவே! அவை உன்னைக் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப ஏன் சாகிறாய்? அவை கூப்பன் கிடைச்சுக் கடைசி நேரத்தில ஹோட்டலை மாத்தினவை."

"பலகாரத்தைக் குப்பையில போட்டிருக்கினம் அக்கா. அதுக்கு மேல அழுக்கு. பிறகு நான் கூட்டேல்லை எண்டு முறைப்பாடு வேற. திங்கட்கிழமை வேலை போகப்போகுது."

அன்ரனெற் ஒரு கணம் தடுமாறினாள். ஒரு கணம்தான். "இஞ்ச பார். வேலை போனா வேற வேலை. மாப்பிள்ளை போனா? நீ வாயைத் திறந்தா இந்தச் சம்பந்தம் முடிஞ்சுது. ஒரு பின்னேரம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு."

சரி, இருக்கலாம் என்றுதான் பேர்ணடெற்றும் நினைத்தாள். பல்லைக் கடிப்பது அவளுக்குப் பழக்கம்.

மேலே படுக்கையறையில் அனோஜா கண்ணாடி முன் நின்றாள். கடும் பச்சையில் ஒரு பட்டுச் சட்டை. காலையில் மெற்றில்டா கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் எடுத்துக் கொடுத்ததாம். அழகாகத்தான் இருந்தது. கழுத்தின் பின்னால் ஏதோ அட்டை துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டு தாய் கத்தரிக்கோலைத் தேடினாள்.

"அம்மா, நோ! வெட்டாதேங்கோ." அனோஜா அட்டையை உள்ளே தள்ளினாள். "திங்கக்கிழமை திருப்பிக் குடுக்கலாம். மெற்றில்டா அன்ரி சொன்னவா. ஊத்தை படாமல் வைச்சிருந்தா முழுக் காசும் தருவினம். அவா எல்லா பார்ட்டிக்கும் இப்பிடித்தானாம்."

"அவவிட்டக் காசில்லையோ?"

"அது காசில்லாமல் இல்லை அம்மா. தே ஆர் ஸ்மார்ட்."

"வேர்த்தா?"

"வேர்க்காமல் இருக்க வேணும்" என்று சிரித்தாள் மகள்.

பேர்ணடெற்றுக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பந்தம் பேசுகிற நாளில், கடைக்குத் திரும்பிப் போகப்போகிற சட்டையோடு நிற்கிறது பிள்ளை. அந்த அட்டை அவளுடைய கழுத்தில் குத்திக்கொண்டிருக்கிறது. அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அவர்கள் வந்தார்கள். பெரிய கார், பெரிய சிரிப்பு, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். எட்வேட் உள்ளே வந்ததும் அன்புராசாவிடம் வீட்டின் விலையைக் கேட்டு, அதை அமெரிக்க டொலரில் பெருக்கிப் பிரித்து, "இவ்வளவுதானா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். கிளிபோட் மட்டும் கூச்சத்தோடு, "வணக்கம் அன்ரி" என்று பேர்ணடெற்றின் கையைப் பிடித்தான்.

மெற்றில்டா சோபாவில் உட்கார்ந்தாள். சோபாவுக்குப் போட்டிருந்த பிளாஸ்ரிக் உறையை அன்று காலையில்தான் உரித்திருந்தார்கள்.

"உங்கட காசு விளையாட்டுக் காசு மாதிரி" என்று தொடங்கினாள். "கலர் கலரா. செலவழிக்கிற மாதிரியே தெரியேல்லை. ஒரு சப்பாத்துப் பிடிச்சுது, எந்தக் கலர் எண்டு யோசிக்க நேரமில்லை, மூண்டையும் எடுத்திட்டன்."

"அதுதானே" என்றாள் அன்ரனெற்.

"பிடிக்காட்டி எறியலாம். எங்கட ஊரில ஒண்டையும் வைச்சுக்கொண்டு இருக்கிறேல்லை. போன வருசத்துச் சோபாவைத் தெருவில வைச்சனாங்கள், மெக்சிக்கோக்காரர் தூக்கிக்கொண்டு போயிட்டினம்." பிறகு பேர்ணடெற்றின் பக்கம் திரும்பி, முகத்தைக் கனிவாக்கினாள். "உங்கட பலகாரம்! அச்சா ருசி. ஒண்டு மிச்சமில்லை. கிளிபோட்தான் முக்கால்வாசியும் முடிச்சவன்."

"வட் பலகாரம்?" என்றான் கிளிபோட்.

"நீலப் பெட்டி அப்பன். காரில."

"நான் காணவே இல்லையே."

"நித்திரைத் தூக்கத்தில சாப்பிட்டிருப்பாய்" என்று மெற்றில்டா அவன் தொடையில் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். பேர்ணடெற்றும் சிரித்தாள். தன் வாய் சிரிப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"ஹோட்டல் வசதியோ?" என்று அன்புராசா கேட்டார்.

"பரவாயில்லை. நேற்றையான் காசு கட்டேல்லை நாங்கள்." மெற்றில்டா வெற்றிலை போட்ட திருப்தியோடு சாய்ந்தாள். "வெளிக்கிட முதல் கீழ ஒரு ரெலிபோன் கோல். பாத்ரூமில தலைமயிர் கிடக்கு, தொட்டி ஊத்தை எண்டு சொன்னாச் சரி. பயந்து வாடகையைக் கழிச்சு விட்டிடுவினம். எங்க போனாலும் செய்யிறனாங்கள். போன மாசம் புளோரிடாவிலயும் இதுதான்."

"கேக்காமல் விடுறவன் மடையன்" என்றார் எட்வேட்.

அன்புராசா தலையை ஆட்டி ஆட்டி வியந்தார். அதுவரை வாய் திறக்காத அருள்நாயகம் சோபாவின் நுனியிலிருந்து கேட்டார்.

"உண்மையிலயே ஊத்தையோ?"

"சீச்சீ! பளிங்கு மாதிரிக் கிடந்தது. நல்லாத்தான் மினுக்கி வைச்சிருந்தவள்."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் நடவாதோ?"

"எந்தப் பிள்ளைக்கு?"

மெற்றில்டா உண்மையாகவே கேட்டாள். நடிப்பில்லை. புருவத்தைச் சுருக்கி, யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று மெய்யாகவே யோசித்தாள். முறைப்பாட்டின் மறு முனையில் ஒருத்தி இருப்பாள் என்பது அந்தத் தலைக்குள் ஒருநாளும் போனதில்லை. பேர்ணடெற்றுக்கு அந்தக் குப்பைக் கூடை கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அந்தப் பிள்ளை நான்தான்" என்றாள்.

அன்ரனெற் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள்.

"614. நான்தான் கூட்டினனான். நான் மனேஜர் இல்லை, அறை கூட்டுறனான். தொட்டியை இரண்டு முறை தேய்ச்சனான். பலகார ரின்னையும் நான்தான் கூடைக்குள்ளால எடுத்துக் கொட்டினனான்." நிறுத்தாமல் சொன்னாள். "திங்கட்கிழமை என்னை நிப்பாட்டப்போகினம். நான் வேற ஒண்டும் கேக்கேல்லை மெற்றில்டா அக்கா. இப்ப ஹோட்டலுக்கு ஒரு கோல் எடுத்து, அறை துப்புரவாத்தான் இருந்தது, நாங்கள் பிழையாச் சொல்லிட்டம் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

மெற்றில்டாவின் முகம் சிவக்கும் என்று பேர்ணடெற் எதிர்பார்த்தாள். சிவக்கவில்லை. ஒரு கணம் விழித்துப் பார்த்துவிட்டு, அவள் கலகலவென்று சிரித்தாள்.

"அட கடவுளே! முதலே சொல்லியிருக்கலாமே. நீங்கள் எண்டு தெரிஞ்சிருந்தா ரிப் காசு வைச்சிருப்பன்!"

கைப்பையைத் திறந்தாள். ஒரு பச்சை நோட்டை உருவி எடுத்தாள். அமெரிக்க இருபது. இரண்டு விரலால் நீட்டினாள்.

"பிடியுங்கோ. உங்கட காசுக்கு இது இன்னும் கூட வரும்."

"எனக்கு கோல்தான் வேணும்."

"கோல் எடுத்தால் அவன் நேற்றையான் காசைத் திருப்பிப் போட்டிடுவானே" என்றார் எட்வேட், கணக்குத் தெரியாதவளுக்கு விளக்குகிற பொறுமையோடு. மெற்றில்டா நோட்டைக் கண்ணாடி மேசையில், தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே பறக்காமல் வைத்தாள்.

"எடு பேர்ணி" என்று அன்ரனெற் பல்லுக்குள்ளால் சொன்னாள். "சிரிச்சுக்கொண்டு எடு. விளையாட்டுக்குத்தானே."

பேர்ணடெற் எழுந்தாள். இந்த மூன்று வருடத்தில் எத்தனையோ கட்டில் தலைமாட்டில் இப்படி வைத்த காசை நன்றி சொல்லி எடுத்திருக்கிறாள். அதெல்லாம் உழைப்புக்கு வைத்தது. இது வாயை மூடுவதற்கு. அதைத் தொட்டால் கையை எந்தச் சவர்க்காரத்தால் கழுவுவது?

"இஞ்சாருங்கோ, போவம்" என்றாள் கணவரிடம். அருள்நாயகம் கேள்வியே கேட்காமல் எழுந்து கராஜுக்குப் போய்க் கோட்டுகளை எடுத்துவந்தார். இந்த முறை அவள் முன்வாசலுக்கே நடந்தாள். கராஜில் கழற்றிவிட்டிருந்த அவளுடைய சப்பாத்தையும் அவர் அங்கேயே கொண்டுவந்து வைத்தார்.

ஒரு காலில் சப்பாத்தை மாட்டும்போது, பின்னால் பாவிக்காத குசினியில் ரெலிபோன் எண்கள் அழுத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கிளிபோட் சுவர் ரெலிபோனோடு நின்றான். காது சிவந்திருந்தது.

"கிளிஃப், வட் ஆர் யூ டூயிங்?" என்று மெற்றில்டா உள்ளிருந்து கத்தினாள். அந்தக் குரலில் இப்போது சிரிப்பில்லை. "வை அதை! அதை வைக்காட்டி நாங்கள் இப்பவே வெளிக்கிடுறம். இந்தப் பேச்சு இதோட சரி."

அவன் வைக்கவில்லை. "ஹலோ? ஃப்ரண்ட் டெஸ்க்? இது ரூம் சிக்ஸ் ஃபோர்ட்டீன்…"

பேர்ணடெற் கையிலிருந்த மற்றச் சப்பாத்தைக் கீழே வைத்தாள். இந்தப் பெடியன் நல்லவன். என் பிள்ளை நல்லவனைத்தான் தேடியிருக்கிறாள் என்ற நினைப்பு நெஞ்சுக்குள் முட்டியது. காலையிலிருந்து முதல்முறையாகக் கண் கலங்கியது.

பச்சைச் சட்டை சரசரக்க அனோஜா ஓடிவந்தாள். தாயைப் பார்க்கவில்லை. ரெலிபோனுக்குக் கிட்டப் போய், புதுச் சாயம் பூசிய விரலால் கொக்கியை அழுத்திப் பிடித்தாள். இணைப்பு அறுந்தது.

"நொட் ருடே கிளிஃப். இண்டைக்கு வேண்டாம், பிளீஸ்" என்றாள் அழுகிற குரலில். "அம்மாவுக்கு வேற வேலை எடுக்கலாம்."

அவளுடைய கழுத்துக்குப் பின்னால் கடையின் விலை அட்டை வெளியே வந்து தொங்கியது. கிளிபோட் அதைப் பார்த்துக்கொண்டு ரெலிபோனைக் கையில் வைத்தபடியே நின்றான்.

பேர்ணடெற் மற்றச் சப்பாத்தையும் போட்டாள்.